அம்பு காட்டிய பக்கம்

என் அண்ணன் மட்டும் கணக்கில் முதல் தடவையே தேறியிருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது. அவன் எனக்கு ஒரு வயது மூத்தவன்; நான் தங்கை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் தவறி, மறுபடி எழுதி, அதிலும் தவறி, மூன்றாவது தடவை அவன் எழுதும்போது நானும் அதே பரீட்சையை எழுதிக்கொண்டிருந்தேன். 2005 மே மாதம் இரண்டு பேரும் ஒன்றாகத் தேறினோம். அவனுக்குத் திண்டிவனம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. எனக்குப் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் வேதியியல். இரண்டுமே பஸ்ஸில் போய்விட்டு வருகிற தூரம்தான். ஆனால் காலை பஸ்ஸைப் பிடிக்கிறவர் காலையில் உப்பளத்தில் நிற்க முடியாது. எங்கள் வீட்டுச் சிக்கல் அவ்வளவுதான்.

மரக்காணத்தில் எங்களுக்குக் குத்தகைப் பாத்திகள் இருந்தன. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வந்த இரண்டு பேருமாக உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். முந்தின டிசம்பரில் கடல் உள்ளே வந்து போனதில் பாதிப் பாத்தி சேறாகிவிட்டது. கூலிக்கு வந்தவர்கள் வீடு கட்டுகிற வேலைக்குப் போய்விட்டார்கள். அதற்கு முன்பிருந்தே அப்பாவின் பார்வை குறைந்துகொண்டு வந்தது. சின்ன வயதிலிருந்து வெயிலில் வெள்ளையையே பார்த்த கண். பத்து மணிக்கு மேல் வரப்பு எது, பாத்தி எது என்று அவருக்குத் தெரியாது. காலால் தடவித்தான் நடப்பார். வேலை நடக்காத பாத்தியைக் குத்தகையில் விட்டுவைக்க மாட்டார்கள். ஆகவே பிள்ளைகளில் ஒருவர் உப்பளத்தில் நின்றாக வேண்டும்.

யார் என்பதை அப்பா சொல்லவில்லை. இன்றைக்கும் அவர்மேல் எனக்குள்ள கோபம் அதுதான். மகன் படிக்கட்டும் என்று அவர் மனம் சொல்லியிருக்கும். ஆனால் மார்க் என்னிடம் இருந்தது. "ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு. நீங்களே பேசி ஒரு முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார். கண் தெரியாத மனிதர் சொன்ன வார்த்தை அது. இருவரும் தலையாட்டினோம்.

நாங்கள் பேசவும் செய்தோம். முதல் நாள் பேச்சு, இரண்டாம் நாள் சண்டை, மூன்றாம் நாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டைக்கூட அம்மா வழியாகத்தான் நகர்த்திக்கொண்டோம். அவன் பக்கத்தில் நியாயம் இருந்தது. பள்ளியில் படிக்கும்போதே தொடங்கி மூன்று வருடமாக உப்பளத்தில் அப்பாவோடு நின்றவன் அவன். அவன் பாதத்தைப் பார்த்தாலே தெரியும், விரலிடுக்கில் எல்லாம் வெடிப்பு. "இன்னும் எத்தினி வருஷம் நானே நிக்கணும்?" என்று கேட்டான். என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவன் தோற்றால் அவனுக்கு உப்பளம் மட்டும்தான். நான் தோற்றால் உப்பளம், அதற்குப் பின்னாலேயே கல்யாணம். வானூர்ப் பக்கத்திலிருந்து அத்தை தன் மகனுக்காக இரண்டு தடவை வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார். தை பிறக்கட்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தப் பையனிடம் குறை ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அவன் வேண்டாம்; எனக்கு ஆய்வுக்கூடமும் வெள்ளைக் கோட்டும் வேண்டியிருந்தது. நினைத்தாலே மூச்சு முட்டுகிற அளவுக்கு வேண்டியிருந்தது.

அம்மா, அம்மன் கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றாள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "சீட்டுல என் தெறமை இன்னா இருக்குது? தோத்தா, நான் இன்னாத்துக்குத் தோத்தேன்னு எனக்குத் தெரியணும்மா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, நான்கு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக நேராகப் பேசினான். "உங்க சென்டர்ல அந்த டாங்கி கேம் இருக்குதுல்ல? அதுல பாத்துக்கலாம். ஒரே ஆட்டம்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. மூன்று கம்ப்யூட்டர், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். காலையில் திறந்து கூட்டிப் பெருக்குவதற்குப் பதிலாக அங்கே எனக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நடத்துகிற சார் மதியம் சாப்பிடப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். அந்த நேரத்தில் நான் டைப்பிங் பழக வேண்டும். பழகியது டாங்கி கேம்தான்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். திரையின் குறுக்கே மேடும் பள்ளமுமாக மலைகள். இடது கோடியில் ஒரு டாங்கி, வலது கோடியில் ஒரு டாங்கி. ஆளுக்கு ஒரு முறை மாறி மாறிச் சுட வேண்டும். குழாயை எவ்வளவு உயர்த்துவது, எவ்வளவு வேகம் கொடுப்பது என்ற இரண்டும் நம் கையில். குண்டு மேலே போய், வளைந்து, நிஜக் கல் போலவே கீழே வரும். மலையில் விழுந்தால் மலையில் ஒரு பள்ளம். டாங்கியில் விழுந்தால் அதன் உயிர்க்கோட்டில் ஒரு துண்டு குறையும். ஐந்து துண்டு போனால் டாங்கி வெடித்துவிடும். எங்கள் ஊரில் மலை என்று சொன்னால் தார்ப்பாயும் ஓலையும் போட்டு மூடிய உப்புக் குவியல்தான். அதற்கு மேல் உயரமான ஒன்றை ஏறி இறங்கி அறியாத நாங்கள் இரண்டு பேர் மலைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்று எதிர்காலத்தைச் சுடப் போகிறோம். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அண்ணன் இந்த ஆட்டத்தைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எனக்குச் சோறு கொண்டுவந்த ஒரு நாள் பின்னால் நின்று பார்த்திருக்கிறான். திரையின் மேலே ஒரு அம்பும் ஒரு எண்ணும் இருக்கும். அதுதான் காற்று. ஒவ்வொரு அடிக்கும் மாறும். காற்றைக் கணக்கில் எடுக்காமல் சுட்டால் குண்டு எங்கேயோ போய்விடும். அதைப் பார்த்தவுடனேயே அவன் முகம் மலர்ந்துவிட்டது. "கணக்குல வேணா நான் ஃபெயிலு. காத்துல எவனும் என்னைய ஜெயிக்க முடியாது" என்றான். அது வெறும் பீற்றல் இல்லை. கடலிலிருந்து கொண்டல் காற்று திரும்பப் போகிறது என்பதை அரைமணி நேரம் முன்பே சொல்லிவிடுவான். அப்பாவே அவனைக் கேட்டுத்தான் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவார்.

உப்பளத்தில் காற்றைப் பற்றிப் பேசும் முறை ஒன்று உண்டு. "காத்து எங்க?" என்று ஒருவர் கேட்டால் மற்றவர் காற்று வருகிற பக்கம் கையை நீட்டுவார். மேற்கே கை நீட்டினால் மேற்கிலிருந்து வருகிற மேல்காற்று, உப்புக்கு நல்லது. கடல் பக்கம் நீட்டினால் கொண்டல், ஈரத்தைக் கொண்டுவரும். வருகிற பக்கத்துக்கு முதுகைக் கொடுத்து நின்று வாரினால்தான் உப்புத்தண்ணீர் கண்ணில் அடிக்காது. அது எந்தப் பக்கம் போகிறது என்பது யாருக்கு வேண்டும்? நானும் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவள்தான். கேமை முதலில் ஆடியபோது அம்பு காற்று வருகிற பக்கத்தைக் காட்டுகிறது என்றே நினைத்து, ஒரு வாரம் எல்லாக் குண்டையும் வீணாக்கினேன். அம்பு, காற்று போகிற பக்கத்தைக் காட்டுகிறது என்று சார்தான் ஒரு நாள் சொன்னார்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. சார் சாப்பிடப் போனதும் அண்ணன் வந்தான். குளித்து, தலை வாரி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான், நேர்முகத் தேர்வுக்கு வருகிறவன் மாதிரி. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் இடது பக்கத்து டாங்கி, நான் வலது. மவுஸைப் பிடிக்கவே அவனுக்கு வரவில்லை. ஒரே ஒரு அடி பழகிக்கொள்ளலாம் என்றேன். திரையில் அம்பு வலது பக்கம் காட்டியது. அவன் அதன்மேல் விரலை வைத்தான்.

"இது காத்து வர்ற பக்கம்தானே?"

எனக்கு யோசிக்க நேரமே இருக்கவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நேரம் இருந்தது. வெள்ளைக் கோட்டை நினைத்தேன், அத்தை குடித்து வைத்த காபி டம்ளரை நினைத்தேன், அவன் பாதத்தைக் குனிந்துகூடப் பார்த்தேன். பிறகுதான் "ம்" என்றேன்.

முதலில் தெய்வம் அவன் பக்கம்தான் நின்றது. முதல் நாலைந்து முறை காற்று ரொம்பக் குறைவு. ஒன்று, இரண்டு, ஒரு தடவை சுழியம். அம்பைத் தப்பாகப் படித்தாலும் கேடில்லை. கல்லெறிந்து பழகிய கை அது. மூன்று குண்டு நேராக என் டாங்கி மேல் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் தொடையில் தட்டிக்கொண்டான். நானோ பழகிய ஆட்டத்தில் மடத்தனமாக மலையில் மலையில் சுட்டேன். நாலாவது குண்டும் விழுந்தது. என் உயிர்க்கோட்டில் ஒரே ஒரு துண்டு மிச்சம். அவனுடையதில் ஒன்றுதான் குறைந்திருந்தது. அவன் முறை. குழாயை உயர்த்திக்கொண்டிருந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். எனக்கு நல்ல புத்தி கொடு என்று கேட்கவில்லை. கரண்ட் போகட்டும் என்று கேட்டேன்.

கரண்ட் போனது.

யூபிஎஸ் இரண்டு தடவை கத்திவிட்டு அடங்கியது. மின்விசிறி நின்றது. திரை கறுப்பானது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து, அழுகை வந்தது. ஆனந்தம்தான், ஆனால் அவன் வேறுமாதிரி புரிந்துகொண்டான். "ஏய், இன்னாத்துக்கு அழுவுற? ஆட்டம் முடியலல்ல. கரண்ட் வந்ததும் மொதல்லேர்ந்து ஆடலாம்" என்றான். மூன்று துண்டு முன்னால் இருந்தவன் சொன்ன வார்த்தை இது. தான் ஜெயித்துவிட்டதாகச் சொல்லி அவன் எழுந்து போயிருந்தால் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

முக்கால் மணிநேரம் அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். சண்டைக்குப் பிறகு அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து இருந்ததில்லை. அவன் ஒரு பழைய நோட்டால் எனக்கும் சேர்த்து விசிறினான். பாலிடெக்னிக்கில் மோட்டார் பிரித்து மாட்டச் சொல்லிக்கொடுப்பார்களாம். அது கற்றுக்கொண்டால் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டாரைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்றான். போகத் துடிக்கிறவன் கனவிலும் உப்பளம்தான் இருந்தது. பாவி, அதையும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

பேச்சுக்கு நடுவில் திடீரென்று கேட்டான். "அந்த அம்பு… நல்லாத் தெரியுமா உனக்கு? வர்ற பக்கம்தானே?"

"தெரியும்ண்ணா. நான்தான் தெனமும் பாக்கறேன்ல" என்றேன். முதல் தடவை ஒரு முனகல். இந்தத் தடவை முழு வாக்கியம். அதுவும் அண்ணா என்று கூப்பிட்டு.

கரண்ட் வந்தது. புது ஆட்டத்துக்குப் புது மலைகள். நடுவில் பெரிதாக ஒரு மலை. காற்று பதினைந்துக்குக் கீழே இறங்கவேயில்லை. அம்பு வலது பக்கம் காட்டினால் குண்டை என் பக்கம் தள்ளுகிற காற்று; அவன் அதை எதிர்க்காற்று என்று எண்ணி வேகத்தைக் கூட்டுவான். குண்டு என் தலைக்கு மேலே பறந்து திரைக்கு வெளியே போய்விடும். அம்பு இடது பக்கம் திரும்பினால் வேகத்தைக் குறைப்பான். குண்டு நடு மலையிலேயே விழுந்து மண்ணைக் கிளப்பும். என் குண்டு எப்படி வளைகிறது என்று இரண்டு தடவை உற்றுப் பார்த்திருந்தால் பிடித்திருப்பான். ஆனால் என் முறை வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். தன் டாங்கி அடிபடுவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஒவ்வொரு குண்டும் தப்பும்போது அவன் என்னைச் சந்தேகப்படுவான் என்று காத்திருந்தேன். ஒரு தடவைகூடப் படவில்லை. தன் கையைத்தான் பார்த்தான். "நான்தான் அதிகமா குடுத்துட்டேன்" என்றான். அப்புறம், "கம்மியாயிடுச்சு." அப்புறம், "இன்னா இது, ஒண்ணும் புடிபடலயே." கடைசியில் நெற்றியில் வேர்வை வழிந்து கண்ணில் இறங்கியதைக்கூடத் துடைக்காமல் அந்த அம்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஒவ்வொரு குண்டாக, நிதானமாக, ஐந்தையும் அவன் டாங்கி மேல் இறக்கினேன்.

டாங்கி வெடித்தது. அவன் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டான். "போய் நல்லாப் படி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அன்றைக்கே அப்பாவிடம் போய், "அது படிக்கட்டும்பா. பேசி முடிச்சிட்டோம்" என்று சொல்லியிருக்கிறான். ஆட்டத்தைப் பற்றி வீட்டில் யாருக்கும் இன்றுவரை தெரியாது.

கல்லூரிக்குப் போனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரிதான். காலையில் நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது அவன் வாருகிற பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடப்பான். என் புத்தகப்பையைப் பார்த்து அவன் முகம் சுளித்ததில்லை. என்னைப் பற்றி வெளியில் பெருமையாகவே பேசினான். அதைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டேன். தாங்கமுடியாத ஒன்று செப்டம்பரில் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உப்பளத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் பாத்தியில் இறங்கி நின்றான். மேல்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அவன் சட்டை முதுகில் உப்பிக்கொண்டிருந்தது. அப்படி நின்றுகொண்டு அம்மாவைக் கேட்டான்.

"காத்து எங்கம்மா?"

அம்மா சிரித்துவிட்டாள். "மூஞ்சியிலேயே அறையுது, என்னயப் போய் கேக்கறியே. இப்பல்லாம் இவன் இப்படித்தான். எல்லாத்தையும் ரெண்டு தடவ கேக்கறான்" என்று என்னிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அம்மா மேற்கே கை நீட்டிய பிறகுதான் திரும்பி நின்று வார ஆரம்பித்தான். நான் அவனிடமிருந்து படிப்பை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் சொல்லவில்லை. நவம்பர் மழையில் பாத்தியெல்லாம் ஏரியாகிவிட்டது. வேலை இல்லாமல் அவன் வீட்டில் இருந்தான். அம்மாவும் அப்பாவும் ரேஷன் கடைக்குப் போன ஒரு காலை, அவன் கூடத்தில் உட்கார்ந்து பாத வெடிப்பில் களிம்பு தடவிக்கொண்டிருந்தான். நான் எதிரில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்பு காற்று போகிற பக்கத்தைக் காட்டுவது எனக்கு முன்பே தெரியும் என்று சொன்னேன்.

அவன் களிம்பு தடவுவதை நிறுத்தவில்லை.

"கரண்ட் போனப்ப கேட்டனே. அப்பவுமா?"

"அப்பவும்தான்."

"அப்ப எனக்குக் காத்து தெரியாம போவல."

"இல்லண்ணா."

அவன் முகத்தில் ஏதோ இறங்கியது. கோபம் வரும், அடிப்பான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவனோ களிம்பு டப்பாவை மூடினான். மூச்சு விட்டான். அவன் தேறியதாகச் செய்தி வந்த அன்று பார்த்த முகம் அது.

"சரி. அப்ப இன்னொரு ஆட்டம் போடலாம்" என்றான். "இந்தத் தடவ ஒழுங்கா. நீ ஜெயிச்சா நீயே படி, நான் வாயத் தொறக்க மாட்டேன். நான் ஜெயிச்சா வர்ற வருஷம் நான் போறேன்."

எவ்வளவு நியாயமான பேச்சு. அழுது மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். அவன் அந்த மன்னிப்பை எதிர்பார்க்கவேயில்லை, ஆட்டத்தைத்தான் கேட்டான்.

"செமஸ்டர் பரீட்சை வருதுண்ணா" என்றேன்.

"பரீட்சை முடிஞ்சதும் ஆடலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஆடினால் அவன்தான் ஜெயிப்பான் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

"மாட்டேன்" என்றேன்.

அவன் களிம்பு டப்பாவை மறுபடி திறந்தான். பிறகு, "சரி, போய்ப் படி" என்றான். குரலில் ஒன்றும் இல்லை. உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். அன்றைக்குப் படிப்பு ஏறாது என்று நினைத்தேன். மதியம்வரை படித்தேன். நன்றாகவே படித்தேன்.